துணி பிழிகிற மாதிரி

ஞாயிறு மூன்று மணிக்கு
வள்ளியூர் வணிகர் சங்க மாடியில்
எங்களை வரிசையாக நிறுத்தினார் ஜெபராஜ் மாஸ்டர்.
பாத்திரக்கடை செய்யதலி அண்ணன்,
உரக்கடை சுடலைக்கண்ணு,
பனியனோடு வந்துவிட்ட பரோட்டாக் கடைக்காரர்.
பெண் நான் ஒருத்தி,
மெடிக்கல்.

அரிவாளுக்குப் பதில் வாழைமட்டை.
"முகத்தப் பாக்காதிய, மணிக்கட்டப் பாருங்க.
வெட்டு அங்கேருந்துதான் கிளம்பும்.
பின்னால போவாதிய, சைடுல விலகுங்க.
ரெண்டு கையாலயும் பிடிச்சு
துணி பிழியுற மாதிரி."

துணி பிழிந்து பழகிய கை
அங்கே என்னுடையது மட்டும்தான்.
முதல் பிழியலிலேயே
சுடலைக்கண்ணின் மட்டை தரையில்.
"எம்மா செல்லக்கனி, கைய விடு, நாளைக்கு மூட்ட தூக்கணும்"
மாடியே சிரித்தது.

டீ வந்த பிறகு
யாரும் காது கொடுக்காத நேரத்தில்
மாஸ்டர் சொன்னார்:
"இதெல்லாம் வேற வழியே இல்லன்னாதான்.
கேட்டா குடுத்துருங்க.
கல்லாவுல உள்ளது திரும்ப வந்துரும்."
"இதச் சொல்லவாவே முந்நூறு ரூவா வாங்குனீரு?"
உரக்கடைதான்.

ஐப்பசி மழை.
இரவு பத்து இருபது, ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
குனிந்து உள்ளே வந்தவன்
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
"காய்ச்சலா?" என்றேன்.
மழைக்கோட்டுக்குள்ளிருந்து வந்தது பதில்,
ஒரு முழ நீளம்.

மணிக்கட்டைப் பார்த்தேன்.
நனைந்து கறுத்த சிவப்புக் கயிறு.
அதற்குக் கீழே ஒரு நரம்பு
துடித்துக்கொண்டே இருந்தது.
ஒல்லி மணிக்கட்டு.
பிழிந்தால் பிழியும்.
ஈரத் துணியின் கனம் தெரிவதுபோல்
அது எனக்குத் தெரிந்தது.

ஆனால் என் கைகள்
எனக்கு முன்பே கல்லாவுக்குப் போய்விட்டன.
ஐந்நூறு தனியாக, நூறு தனியாக
அடுக்கித் தந்தன.
பதினோராயிரத்து நானூற்று எழுபது.
"கவர் வேணுமா?" என்று
வாய் தன் வேலையைச் செய்தது.
வேணும் என்றான்.
இரண்டு ரூபாய்க் கவர்.

"முகத்தப் பாத்தியளாம்மா?"
இன்ஸ்பெக்டர் மூன்று முறை கேட்டார்.
மூன்று முறையும்
கயிற்றைப் பற்றியே சொன்னேன்.
வள்ளியூரில் கயிறு கட்டாத கை எது என்று
பேனாவை மூடிவிட்டார்.

ஒன்பது நாள் கழித்து, செவ்வாய், பட்டப்பகல்.
பள்ளிக்கூடச் சட்டையில் ஒரு பையன்.
"எக்கா, அந்தத் தைலம்"
கவுண்டருக்கு மேலே எக்கிக்
கையை நீட்டினான்.

அவ்வளவுதான்.
பக்கவாட்டில் விலகினேன்.
இரண்டு கையாலும் பிடித்தேன்.
மாஸ்டர் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார்.
பத்து ரூபாய்க் காசு
ஃபிரிட்ஜுக்கு அடியில் உருண்டு போனது.
அவன் அழவில்லை.
"நான் என்ன செஞ்சேன்?" என்று மட்டும்
கேட்டான்.

ஆயின்மென்ட் போட்டேன்.
பேண்டேஜ் சுற்றினேன், துட்டு வாங்கவில்லை.
சுற்றும்போது நடுங்கிக்கொண்டிருந்தது
அவன் கை இல்லை.

மாஸ்டர் சொன்னது சரிதான்,
தீபாவளிக்குள் பதினோராயிரம் திரும்ப வந்துவிட்டது.

தெருவுக்கே தெரிந்துவிட்டது போல.
இப்போது வருகிறவர்கள்
ரூபாயைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு
கையை எடுத்துக்கொள்கிறார்கள்.
மீதியை நானும்
கண்ணாடி மேல்தான் வைக்கிறேன்.