கோட்டயம் போய்ட்டு வந்து

காளவாசலில் ஒன்பதே முக்காலுக்கு
ஷட்டரை முக்கால்வாசி இறக்கிய பிறகுதான்
குனிந்து உள்ளே வருவார்கள்
அவசரக்காரர்கள்.

ஒச்சப்பன் அப்படி வந்தார்.
வெளியே லாரி அணையாமல் உறுமிக்கொண்டிருந்தது,
சோழவந்தான் வாழைத்தார், கோட்டயம் லோடு.
"வறட்டு இருமல்மா. எது வேகமா கேக்குமோ அதக் குடு."
காசை வைத்தார், மூடியைத் திருகினார்,
சீல் நறுக்கென்று உடைந்தது,
பாட்டில் உதடு வரைக்கும் போய்விட்டது.

நில்லுங்க என்றேன்.
எனக்கே தெரியாது
என் குரலில் இத்தனை சத்தம் இருப்பது.

"இப்ப வண்டி ஓட்டப்போறது யாரு?"
"நான்தான். வேற யாரு, இவனா?"
கிளீனர் பையன் எடை மிஷினில் ஏறி நின்று
முள்ளை நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தச் சின்ன பாட்டிலில் மூன்று மருந்து.
ஒன்று இருமலை அமுக்கும்.
ஒன்று மூக்கடைப்பைத் திறக்கும்.
இன்னொன்று ஒழுகலை நிறுத்திவிட்டுச்
சும்மா போகாது,
இமையில் ஏறி உட்காரும்.
தேனி தாண்டும்வரை ஒன்றும் தெரியாது.
குமுளி ஏற்றத்தில் தெரியும்.

சட்டைப்பையில் எட்டிப்பார்த்தது ஓர் அட்டை.
வாங்கி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
சளி மாத்திரை. நாலு குழி காலி.
பெயர் வேறு, கம்பெனி வேறு,
பொடி எழுத்தில் அதே மருந்து.
"ரெண்டையும் சேத்தா ஒண்ணையே
ரெண்டு தடவ போட்ட மாதிரிண்ணே. கடைசியா எப்ப?"
"முந்தாநேத்து."

பிரஷர்?
"அது வீட்டுக்காரிக்கு."
தண்ணி?
கிளீனர் பையன் சிரித்தான்.
வீட்டில் சின்னப் பிள்ளை?
"நாலு வயசுல ஒண்ணு. அதுவும் இருமுது. இதுலயே அரை மூடி..."
கூடாது என்றேன்.
மறுபடியும் கூடாது என்றேன்.

அப்போதுதான் சொன்னார்,
கோபமில்லாமல், டீசல் கணக்குச் சொல்வதுபோல:
"உண்மையச் சொல்லட்டா?
மலைமேல ரெண்டு மணிக்கு
இந்த இருமல்தாம்மா என்னை முழிக்க வைக்குது."

பார்மசி படிப்பில் இதற்குப் பதில் இல்லை.

எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டேன்.
"புட்டுத் திருவிழாவுக்கு முன்னாடியே."
விரல்விட்டு எண்ணினால் நாலு வாரம்.
பில்லின் முதுகில் சளி டெஸ்ட், எக்ஸ்ரே என்று எழுதினேன்.
"தோப்பூர் ஆஸ்பத்திரியாம்மா?"
குரல் இறங்கிவிட்டது.
முதலில் பெரியாஸ்பத்திரி. பயப்பட
அப்புறம் நேரமிருக்கு என்றேன்.

மாத்திரை அட்டையையும் பாட்டிலையும்
என் பக்கமே தள்ளினார்.
"வச்சிரு. லோடு எறக்கிட்டு வந்து
குடிச்சிட்டுப் படுத்துக்கறேன்."
இஞ்சி மிட்டாய் நாலு எடுத்துக்கொண்டார்,
காசு வேண்டாம் என்றது காதில் விழவில்லை.

சீல் உடைந்ததை அலமாரியில் வைக்க முடியாது.
லேபிளில் பேனாவால் எழுதினேன்:
ஒச்சப்பன். கோட்டயம் போய்ட்டு வந்து.
கல்லாவுக்குப் பின்னால் நிறுத்தினேன்.

செவ்வாய் வரவில்லை.
புதன் முழுக்க பைபாஸில் போன
பச்சைத் தார்ப்பாய்களை எண்ணினேன்,
எண்ணக் கூடாதென்று நினைத்துக்கொண்டே.

வியாழன், ஷட்டர் கம்பி கையில்.
லாரிச் சத்தத்துக்கு முன்னால்
இருமல் வந்தது.

அளவு மூடியைக் கழுவி, கோடு தெரியத் துடைத்தேன்.
வீட்டுக் கரண்டியில் ஊற்றாதீங்க என்று
இன்னும் சொல்லவில்லை அவரிடம்.