சுவை: நன்று

நூற்றிப் பன்னிரண்டு தட்டு.
விடிய மூன்றரைக்கு எழும்பித்
தேங்காய் துருவத் தொடங்கினால்
மண்முனைப் பாலத்தால் முதல் பஸ் வரும்போது
பருப்பு பாதி அவிந்திருக்கும்.

திங்கள் கீரை, செவ்வாய் நெத்தலி,
புதன் முட்டை, வியாழன் கடலை,
வெள்ளி பச்சைப்பயறு.
வலயத்திலிருந்து வந்த கடதாசி அப்படிச் சொல்கிறது.
கடதாசி ஒருநாளும் பிந்தி வந்ததில்லை.
காசுதான்
மாசியிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

மீராலெவ்வைக் காக்கா
மோட்டார் சைக்கிளில் முட்டை கொண்டு வருவார்.
"நாலு மாசமாப் போச்சு புள்ள" என்பார்.
சொல்லிக்கொண்டே எண்ணுவார்,
எண்ணிக்கொண்டே கொப்பியில் எழுதுவார்,
வெடித்த முட்டைக்கு மாற்றும் தருவார்.
அரசாங்கத்துக்கு அவர்தான் கடன் கொடுக்கிறார்.
அது அவருக்குத் தெரியும்.
அரசாங்கத்துக்குத் தெரியுமோ என்னவோ.

ஒப்பந்தத்தில் நான் கையெழுத்து வைத்த அன்று
அபிவிருத்திச் சங்கத்துப் பெண் ஒருத்தி கேட்டாள்,
"நீ எந்தக் குடி?"
அவளுக்குத் தெரியும்.
தெரிந்துதான் கேட்டாள்.
வைகாசிச் சடங்குக்குக் கதவு திறக்க
என் அப்பா பறை அடிக்க வேணும்,
அவர் அடிக்காமல் அம்மன் கண் திறக்கமாட்டாள்.
சடங்கு முடிந்ததும்
அவருக்குரிய அரிசியை
வாசலுக்கு வெளியே ஓலைப் பெட்டியில் வைப்பார்கள்.
அரிசி குறைந்ததில்லை, அதையும் சொல்ல வேணும்.

பதினேழு பிள்ளைகள் வீட்டிலிருந்து பாண் கொண்டு வருகிறார்கள்.
"வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை" என்று
தாய்மார் கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.
பதினேழு பேருக்கும் ஒரே வயிறு.

சட்டம் ஒன்று இருக்கிறது:
பரிமாறுமுன் கடமை ஆசிரியர் ருசி பார்க்க வேணும்,
பார்த்துப் பதிவேட்டில் எழுதி ஒப்பமிட வேணும்.
அதற்கென்றே ஒரு சில்வர் கரண்டி.
கழுவித் துடைத்துக் கிண்ணத்தோடு
மேசையில் கொண்டுபோய் வைப்பேன்.

சிவதர்சினி டீச்சர் நல்லவர்.
கிண்ணத்தைப் பார்த்துச் சிரிப்பார்.
"உங்கட கைக்கென்ன அக்கா" என்பார்.
எழுதுவார்.
சுவை: நன்று.
கரண்டி காய்ந்தபடியே திரும்பி வரும்.
நான் அதை மறுபடி கழுவுவேன், பழக்கத்தில்.

ஒரு செவ்வாய்
நெத்தலி ஆணத்தில் உப்புப் போடாமல்
கிண்ணத்தில் எடுத்துப் போனேன்.
கோபமில்லை. ஒருக்கால் பார்க்கத்தான்.
சுவை: நன்று.

புதன், முட்டை ஆணத்தில்
உப்புமில்லை புளியுமில்லை.
நன்று.

வியாழன்
வெறும் சுடுதண்ணீரில் மஞ்சளைக் கரைத்து வைத்தேன்.
மிக நன்று.
அன்று அவருக்கு அவசரம், சிவப்புப் பேனை.

ஒவ்வொரு நாளும் ஒப்பம் விழுந்த பிறகு
குசினிக்கு ஓடிப்போய்ப் பானைக்கு உப்பிட்டேன்.
பிள்ளைகளில் என்ன பிழை.

வெள்ளிக்கிழமை, இடைவேளை மணி அடித்துக் கொஞ்சநேரம்,
குசினிக்குப் பின்னால்
தண்ணீர்த் தாங்கி மறைவில் லக்சிகா.
நாலாம் வகுப்பு. பதினேழில் ஒன்று.
என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல்
"இஞ்ச..." என்றாள்.
பாண் துண்டை நீட்டி,
"மாத்துவீங்களா?"

தட்டில் பயறு போட்டேன், சம்பல் வைத்தேன்.
நின்றபடியே தின்றாள்,
பாதையில் ஒரு கண்.
விரலை நக்கிவிட்டு
முகத்தைச் சுளித்தாள்.
"உப்புக் கூடிப் போச்சு."

எடுத்து வாயில் வைத்துப் பார்த்தேன்.
கூடித்தான் போயிருந்தது.
ஒப்பத்துக்கு முன்னும் போட்டிருக்கிறேன்,
ஒப்பத்துக்குப் பின்னும்.
நான்கூட இந்தக் கிழமை ருசி பார்க்கவில்லை.

தட்டைக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள்,
வாயைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு.

அவளுடைய பாணை நான் தின்றேன்.
விடியலிலிருந்து வெறும் பிளேன்ரீ.
நல்ல பாண்.
ஒரு மூலை விடாமல்,
ஓரம் வரைக்கும்
மாஜரின் பூசியிருந்தாள் அந்தத் தாய்.