பதினேழாம் பெட்டி

அப்புத்தளைக்குக் கீழே, பணியக்கணக்கு லயத்தின் பின்பக்கம்
துளைபோடும் இயந்திரத்தை இறக்கி ஒன்பது நாள்.
குழாயில் ஏறி வரும் மண்ணைத் தட்டி எடுத்து
மரப்பெட்டியில் படுக்கவைத்து
எத்தனை மீட்டர் ஆழம் என்று எழுதி மூடுவது
என் வேலை.

முதல் பெட்டியில் தேயிலை வேர், ஒரு சட்டைப் பொத்தான்.
இரண்டில் செம்மண்,
தண்ணீர் விட்டுப் பிசைந்தால் ரொட்டி தட்டலாம்.
ஐந்தில் கல்லா மண்ணா என்று
அதற்கே தெரியாத ஒன்று:
வரிவரியாய்ப் பாறை போலவே இருக்கும்,
பெருவிரலால் அமுக்கினால் உதிர்ந்துவிடும்.
"வழுக்குற இடம் இதுதான்" என்றான் நிமல்சிறி.
அதன்பிறகு கொஞ்ச நேரம்
நாங்கள் யாரும் லயத்தின் பக்கம் திரும்பவில்லை.

தொங்கவீட்டுத் தவமலரின் சுவரில் ஒரு வெடிப்பு.
குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டப் போனோம்,
அசைந்தால் உடைந்து சொல்லும் என்று.
அவரோ முன்னமே
காலண்டர் தாள்களை மாவுப்பசை பூசி ஒட்டியிருந்தார்.
ஜனவரி, மே மாதத்தில் கிழிந்தது.
பெப்ரவரி, ஜூன் மழையில்.
மார்ச் மட்டும் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"மல ஓடுதுங்கிறீங்க, எங்கதான் போவுது?"

இரண்டு ஓட்டம் இருக்கிறது, சொன்னேன்.
இந்த மண் பள்ளத்துக்கு ஓடும், ஒரு ராத்திரியில்.
இந்த மலை, இந்தத் தீவு, இடையில் கிடக்கும் கடல்,
அக்கரையில் ராமநாதபுரம்,
எல்லாம் ஒரே தட்டில் ஏறி
வடக்கே போய்க்கொண்டிருக்கிறது.
அடியில் இருப்பதும் பாறைதான்,
உருகாமலே ஓடும், வெயிலில் கிடக்கும் தார் மாதிரி.

"ஒரே தட்டா? கோத்தகிரிக்குப் போன எங்கண்ணனும்?"
அவரும்.
"ஒரே தட்டுல இருந்துக்கிட்டா
முப்பது வருசமா ஒரு கடுதாசி போடல?"

எவ்வளவு வேகம் என்று கேட்டார்.
கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினேன்:
இரண்டு இலை, ஒரு மொட்டு.
இந்த நீளம், ஒரு வருசத்துக்கு.
வருசம் ஒரு கொழுந்து என்று
அவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார்.
பதினெட்டுக் கிலோவுக்கு எத்தனை ஆயிரம் வருசம்?
"அதுக்கும் அரப்பேருதான் போடுவாரு கணக்கப்பிள்ள."

பதினேழாம் பெட்டியில் இயந்திரத்தின் சத்தம் மாறியது.
பல்லைக் கடிக்கிற சத்தம்.
வந்தது கல், மெய்யான கல்,
சாம்பல் உடம்பெங்கும் கடுகளவு சிவப்பு.
கார்னெட்.
மேல்தரையில் இது விளையாது.
இருபது, முப்பது கிலோமீட்டர் அடியில்,
இரண்டு நிலங்கள் முட்டி ஒன்றையொன்று நசுக்கிய இடத்தில்,
ஐம்பது கோடி வருசத்துக்கும் முன்னால்
வெந்து சிவந்த கல்.
இதற்கு மேல் நின்ற மலைகளை
மழை தின்று தீர்த்துவிட்டது.
மூடுபனியில் நாங்கள் உச்சி என்று நிற்கிற இது
ஏதோ ஒரு மலையின் அடிவயிறு.

இன்னும் ஒன்பது மீட்டருக்குத்தான் பணம் இருக்கிறது.
பூமியின் நடுவிலே
இரும்பு உருண்டை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறதாம்.
அதற்குப் பெட்டி கிடையாது.

அன்று இரவு அறிக்கை எழுதினேன்.
சரிவு நிலை: அசைகிறது.
பரிந்துரை: இருபத்திரண்டு குடும்பங்களும் வெளியேற வேண்டும்.
எங்கே என்று எழுத அதில் கட்டம் இல்லை.
நிலத்தின் உரிமையாளர் என்ற கட்டத்தில்
கம்பனியின் பெயரை எழுதினேன்.
முப்பத்தொரு மீட்டர் நாற்பதில்
இரண்டு சென்டிமீட்டர்: மாதிரி கிடைக்கவில்லை.

அது பொய்.
சுண்டுவிரல் நகமளவு சில்லை
தவமலர் கேட்டார், கொடுத்துவிட்டேன்.
தோடு செய்வார் என்று நினைத்தேன்.
அவர் நேரே போய்
வெடிப்புக்குள் அதைச் செருகினார்.
அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

"ஒங்க கண்ணாடி ஒடையிறது ராத்திரியில கேக்காது.
இது தகரப் பொட்டி மேல விழும்.
விழுற அன்னைக்கி
புள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஓடிருவேன்."