பின்னால் வரும் வண்டி

அவள் பிறந்த நேரத்தில் நான்
ஒரு மீன் லாரிக்காகப் பனி வாரிக்கொண்டிருந்தேன்.
இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.
இல்லாவிட்டால் எய்டிஸ் சொல்லிவிடுவாள்.
மீன் ஏற்கெனவே செத்துத்தான் கிடந்தது,
அதற்கென்ன அவசரம் என்று அவள் கேட்டதற்கு
இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

மேட்டுவெளியில் தொலைபேசிக்கு உயிர் வராது.
இறங்கி, ஹோல்மாவிக் பெட்ரோல் பங்கில் நின்றபோது
மூன்று செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன:
வலி எடுத்துவிட்டது.
எங்கே இருக்கிறாய்.
மூன்று கிலோ நானூற்றுப் பத்து.

ஒரு படமும் வந்தது, பாதி திறந்து நின்றுவிட்டது.
மேலே தொப்பி. கீழே சாம்பல் கட்டங்கள்.

அப்புறம் இரண்டு நாள் புயல்.
அந்தப் பக்கம் இசஃபியோர்துர் ஆஸ்பத்திரியில் அவர்கள்,
இந்தப் பக்கம் நான்,
நடுவே என் வேலை.

மூன்றாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்குப்
பாதை திறக்கச் சொன்னார்கள்.
மூன்றரைக்கே கிளம்பிவிட்டேன்.

மேற்கு அடிவாரத்தில் காத்திருந்தாள் ஸ்வாலா,
எய்டிஸின் தங்கை, லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம்,
ஸ்டீயரிங்கில் மோவாய் படுகிற மாதிரி ஓட்டுகிறவள்.
அவளுக்குப் பின்னால் அதே மீன் லாரி, அதே ஸ்கார்ப்பெதின்.
இறங்கிப் பார்க்க நேரமில்லை; காற்று திரும்பிக்கொண்டிருந்தது.
கையை அசைத்தேன்.
பின் இருக்கையிலிருந்து ஒரு கை அசைந்தது.

மணிக்கு முப்பது கிலோமீட்டர்.
முன்னால் ஓரக் குச்சிகள், மஞ்சள்,
ஒன்று தெரிந்தால் அடுத்தது தெரியாது.
பின்னால், கண்ணாடியில், இரண்டு விளக்குகள்.
தகப்பனாக எனக்கு அதுவரை கிடைத்தது அவ்வளவுதான்:
இரண்டு விளக்குகள்,
இடதுபுறம் கொஞ்சம் மங்கல்.

பெயர் முடிவாகிவிட்டது.
ஞானஸ்நானம் வரை வெளியே விடக் கூடாது, அது ஐஸ்லாந்து வழக்கம்.
கைப்பட்டையில் ‘பெண்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்களாம்.
வண்டிக்குள் வேறு யார் இருக்கிறார்கள் என்று
ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.
வைப்பர் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

உச்சியில், அவசரக் குடிசையைத் தாண்டியதும்,
கண்ணாடி கறுப்பாகிவிட்டது.

பிரேக்.
கதவைத் திறந்தால் கதவையே பிடுங்கப் பார்க்கிறது காற்று.
வாரிய பள்ளத்தில் எண்ணிக்கொண்டே நடந்தேன்,
எதற்கு எண்ணினேன் தெரியாது,
நூற்றுப் பன்னிரண்டு எட்டு.
கார் நின்றிருந்தது, பாதையிலேயே,
விளக்குகளின் மேல் பனி அப்பிக்கொண்டு.
ஸ்வாலா கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினாள்.
“பசிக்குதாம்.”

உள்ளே ஈரக் கம்பளி வாசனை, எய்டிஸின் குனிந்த தலை,
அவள் கோட்டு மடிப்புக்குள்
ஒரு காது.
சிவந்து, நுனி மடங்கி,
படித்த பக்கத்துக்கு மூலை மடக்கி வைத்ததுபோல்
ஒரே ஒரு காது.
“கண்ணாடியை ஏத்துங்க, பனி வருது.”
மூன்று நாளுக்குப் பிறகு என் மனைவி பேசிய முதல் பேச்சு.

லாரி ஹாரன் அடித்தது. போய்ச் சொன்னேன்.
ஸ்கார்ப்பெதின் கடிகாரத்தைப் பார்த்தான், காரைப் பார்த்தான்,
“மீன் எங்கே போகப்போகிறது,” என்றான்.

பதினெட்டு நிமிடம்
மேட்டுவெளியின் உச்சியில் மூன்று வண்டிகள்
ஒரு வாய் பாலுக்காக நின்றன.
விளக்குகளைக் கையால் துடைத்தேன்,
இடதை இரண்டு தடவை.
திறந்த பாதை முன்னும் பின்னும் மூடிக்கொண்டிருந்தது.
மறுபடி வாரினேன்.

ஊருக்குள் வந்ததும் பழக்கதோஷம்,
தெருவை ஒரே இழுப்பில் வாரிக்கொண்டு போய்விட்டேன்.
திரும்பிப் பார்த்தால் எங்கள் வாசலுக்குக் குறுக்கே
இடுப்புயரப் பனிச் சுவர். கட்டியது நான்.
ஆறு வருடமாக ஊர் என்னைத் திட்டுவது எதற்கென்று
அன்றைக்குத்தான் புரிந்தது.

காருக்குள் எய்டிஸ் சிரிக்கிறாள்,
தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று கைகாட்டுகிறாள்.
மண்வெட்டியை எடுத்தேன்.
ஒரு ஆள் அகலம் போதும் என்றாள் ஸ்வாலா.
போதாது.
கூடையோடு நுழையப்போவது நான்,
முழங்கை எங்கும் இடிக்கக் கூடாது.
அகலமாகவே வெட்டினேன்.