பெரட்டு, தை 1946

புதுத்துரை வந்த மூன்றாம் நாள்
என்னை ஆபீசுக்குள் கூப்பிட்டு
சுவரில் இருந்த படத்தைக் கழற்றச் சொன்னார்.
நாலு ஆணி. ஒன்று துருவேறி வர மறுத்தது.
இழுத்ததில் படத்தின் மூலை சுவரிலேயே தங்கிவிட்டது,
அதில் கொஞ்சம் கடல்.

அந்தப் படத்தில் நாங்கள் சைபுரி.
மூடா ஆறு வரைக்கும் சயாம்,
ஆற்றைத் தாண்டினால் சப்பான்காரன்.
எங்கள் தோட்டத்து மாடுகள் மட்டும்
பாஸ் இல்லாமல் நீந்திப் போய்
அக்கரைப் புல்லை மேய்ந்து வந்தன.
இரவில் அரிசி போனது,
விடியுமுன் உப்பு வந்தது.

இப்போது ஒப்பந்தம் ஆகிவிட்டது என்றார் துரை.
சிங்கப்பூரில், வருடப்பிறப்பன்று, மேசை போட்டு.
தோற்றவன் எடுத்ததை வைத்துவிட வேண்டும்:
கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு.
கூடவே பதினைந்து லட்சம் டன் அரிசி, காசில்லாமல்.
பேப்பரை விரலால் தட்டித் தட்டி வாசித்தார்.
நான் தலையாட்டிக்கொண்டே
சன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தேன்.
அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பழைய படம் புகைவீட்டுப் பரணில் சுருட்டிக் கிடந்தது.
விரித்தால் கித்தா வாடை.
கோடு போன இடத்திலேயே இருந்தது,
கரையான் ஒரு துளி தின்றிருந்ததோடு சரி.
மாட்டி முடித்தேன்.
நாடு திரும்பி வர இவ்வளவு நேரம்தான் ஆயிற்று.

பிறகு செக்ரோல் புத்தகத்தை எடுக்கச் சொன்னார்.
நாற்பத்து மூன்று, ஆனி மாதப் பக்கம்.
ஐம்பத்திரண்டு பெயர். என் கையெழுத்து,
மிஷன் பள்ளியில் பரிசு வாங்கிய உருண்டை எழுத்து.
எதிரே எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை: சயாம்.

லயத்துக்கு இத்தனை தலை என்று கேட்டார்கள்.
பெயர் பொறுக்கியது நான்.
நன்றாக வெட்டுகிறவனை ஒளித்துவைத்தேன்,
என்னை முறைத்தவனை முதல் வரியில் எழுதினேன்.
மூன்று மாதம், ரயில் ரோட்டு வேலை,
பாண்டு வாத்தியம்கூட வாசித்தார்கள் ஸ்டேசனில்.

ஆனியில் ஆளைச் சயாமுக்கு ஏற்றினோம்,
ஐப்பசியில் சயாமே இங்கே வந்து இறங்கியது.
ஸ்டோர் வாசலில் கொடி மாறிய அன்று
ஆண்டாயி பால்வாளியை இறக்கிவைத்துச் சிரித்தாள்:
"நாடே நடந்து வந்துருச்சு கிராணியாரே,
எங்க வீட்டு ஆளு வராமலா போயிருவாரு?"

ஏழு பேர் வந்தார்கள், போன கார்த்திகையில்.
ஒருவனுக்குக் கால் முழங்காலோடு சரி.
யாரைக் கேட்டாலும் மழையைப் பற்றியே பேசினார்கள்.

மீதி நாற்பத்தைந்தையும் அடித்துவிடு என்றார் துரை.
கணக்கு நேராக வேண்டும், கம்பெனிக்கு அனுப்ப வேண்டும்.
சிவப்பு மை. ரூல்தடி.
அரிசிக்கு ஒரு விதி எழுதியிருக்கிறார்களே,
ஆளுக்கு ஏதாவது, என்று கேட்க வாயெடுத்தேன்.
என் கையெழுத்தை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.
வாயை மூடிக்கொண்டேன்.

அன்று மாலை ஆண்டாயி ஆபீசுப் படியில் நின்றாள்.
"சயாம் திரும்பிப் போச்சாமே," என்றாள்.
"ஆமாம்."
"போறப்ப அவரையும் இழுத்துக்கிட்டுப் போயிருக்குமோ?"
கோட்டுக்கு எந்தப் பக்கம் என்றுதான் கேட்டாள்.
மை காயட்டும் என்று புத்தகத்தைத் திறந்தே வைத்திருந்தேன்,
சட்டென்று மூடினேன். மறுபக்கமும் சிவந்தது.

மறுநாள் பெரட்டு. இருட்டு. அரிக்கன் விளக்கு.
மாணிக்கவல்லி. இருக்கேன்.
முனியப்பெருமாள். இருக்கேன்.
அடித்த வரியில் கண் இடறியது,
தாண்டி அடுத்த பெயருக்குப் போனேன்.

"முத்திருளன்," என்றது ஒரு குரல் பின்வரிசையில்.

கட்டிய நாளிலிருந்து அவள் வாயில் வராத பெயர்.
வரிசை திரும்பிப் பார்த்தது.
அவளுக்கே வெட்கம், முந்தானையை இழுத்து வாயைப் பொத்தினாள்.

விளக்கைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டேன்.
பதில் வர எவ்வளவு நேரம் ஆகுமோ
அவ்வளவு நேரம்
நின்றோம்.