நூற்று நாற்பது சென்டிமீட்டர்

எரிவாயு பில்லின் முதுகில் கணக்கு எழுதுகிறேன்.
ஸாப்ஜே நகரில் ஜூலை இரவு, மணி பத்து,
வானம் இன்னும் முழுசாக இருட்டவில்லை.
மேசையில் பிஸ்கட் டப்பா,
அதற்குள் எண்ணூற்று இரண்டு ஸ்லோட்டி,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
ஒன்பது ஞாயிறுகளை விற்றுச் சேர்த்தது.

சனிக்கிழமை வேண்டாம், செவ்வாய் மலிவு.
நெடுஞ்சாலையில் சுங்கம்;
ஊர்களுக்குள் நுழைந்து போனால்
நாற்பது நிமிடம் கூடும், காசு போகாது.
வித்தோல்ட் வரைபடத்தில் விரலால் ஓட்டிக் காட்டுகிறான்,
கியர் மாறும் சத்தத்தையும் வாயாலேயே போடுகிறான்.
காரை மாதா கோயில் பக்கம் நிறுத்தலாம்,
அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் நடை.
ரொட்டிக்குள் பன்றிக் கட்லெட், வேகவைத்த முட்டை,
தண்ணீரைக் குழாயில் பிடிக்கலாம்.
கீழே பாயும்போது அவர்கள் எடுக்கும் படம் நாற்பத்தைந்தாம்:
திரையைப் பார்க்காமல் நடக்க வேண்டும், நால்வரும்.

ஐஸ்கிரீம் நான்கு என்று எழுதினேன்.
அடித்தேன். இரண்டு.
அதையும் அடித்து மறுபடி நான்கு.

டிக்கெட் ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு,
பெட்ரோல் நூற்று எழுபத்து நான்கு,
ஐஸ்கிரீம் முப்பத்திரண்டு.
மிச்சம் பூஜ்யம்.
இவ்வளவு அழகான பூஜ்யத்தை
நான் இதுவரை போட்டதில்லை.

ஆனால் அது ஒரு கதவு நிலையில் தொங்குகிறது.

நூற்று நாற்பது சென்டிமீட்டருக்குக் கீழே அரை டிக்கெட்.
அரை என்பது பேச்சுக்குத்தான், நாற்பது ஸ்லோட்டி குறையும், அவ்வளவே.
அந்தப் பெரிய ரோலர் கோஸ்டரில் ஏற
நூற்று நாற்பது இருந்தே ஆக வேண்டும்.
ஒரே கோடு.
பணப்பைக்கு அது கூரை,
கலினாவுக்கு அது வாசற்படி.

ஈஸ்டரில் நூற்று முப்பத்தெட்டு.
ஜூன் கடைசியில் முப்பத்தொன்பதரை.
பள்ளி விட்டதிலிருந்து
அவள் மாடிக்கம்பியில் தொங்குகிறாள்,
தலையணை இல்லாமல் தூங்குகிறாள்,
சூப்பில் மிதக்கும் காரட்டைக்கூட மிச்சம் வைப்பதில்லை.
நானோ,
யாரிடமும் சொல்லவில்லை,
ஆகஸ்ட் வரைக்கும் கொஞ்சம் பொறு என்று
அவள் எலும்புகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.
பெற்றவள் இப்படி வேண்டலாமா?
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது சரி.
பிள்ளையையுமா அளந்து போடுவது?

இன்று அவளே வந்து நிலையில் முதுகை ஒட்டினாள்.
காலுறையைக் கழற்றி எறிந்தாள், ஏமாற்றவில்லை என்று காட்ட.
"அம்மா, வாசலில் முட்டியை மடக்கிக்கொள்கிறேன்,
உள்ளே போனதும் நிமிர்ந்துவிடுகிறேன்."
"இரண்டு இடத்திலும் ஒரே அளவுகோல்தான், தேவியே," என்றான் அவள் அப்பன்.
ஆறு வயது திமோன்
தானும் குனிந்து பார்த்தான். அவனுக்கு அது தேவையே இல்லை.

பென்சில் என் கையில்.
நுனியைக் கொஞ்சம் தாழ்த்தினால் ஐஸ்கிரீம்.
மனிதர்கள் மாலையில் ஒரு விரற்கடை குள்ளம் என்று
எங்கோ படித்திருக்கிறேன், அதையும் நினைத்தேன்.
அவள் மூச்சைப் பிடித்திருந்தாள்.
தலைமுடியை அழுத்தி, பென்சிலை மட்டமாக வைத்துக்
கோடு இழுத்தேன்.

நூற்று நாற்பது புள்ளி மூன்று.

அவள் கத்திய கத்தில் கீழ்வீட்டு நாய் குரைத்தது.
நான் பில்லைத் திருப்பி
நாற்பது என்று எழுதி வட்டமிட்டேன்.
ஐஸ்கிரீம் முழுவதையும் அடித்தாலும் எட்டு உதைக்கிறது.

வித்தோல்ட் கொஞ்ச நேரம் நிலவறைச் சாவியை உருட்டினான்.
"ஸிக்முண்டின் பெயர்நாள் விருந்து," என்றான்,
"காலி பீர் புட்டிகள். மூன்று வருஷத்தவை."
புட்டிக்கு ஐம்பது க்ரோஷ்.
நள்ளிரவில் டார்ச் வெளிச்சத்தில் எண்ணினோம்:
எண்பத்தொன்று. ஒன்று விளிம்பு உடைந்தது.

காலையில் கடைக்கு நால்வரும் போனோம்.
தெருவெல்லாம் கலகலவென்று புட்டிச் சத்தம்,
ஜன்னலில் திருமதி வாவ்ஷிஷ்னா எங்களைப் பார்த்து
என்ன நினைத்தாளோ.
கனமான பெட்டியைக் கலினா தானே கேட்டு வாங்கினாள்.
கை இழுபட்டது, முகம் சிவந்தது.
ஆனாலும்
அவள் கொஞ்சம்கூடக் குனியவில்லை.