கசிவு: இல்லை

ஆண்டுக்கொரு முறை திறந்து பார்க்க வேண்டுமாம்,
இல்லையென்றால் உத்தரவாதம் செல்லாது.
அதற்காகத்தான் வந்தான் கெதின்,
செவ்வாய்க்கிழமை, பத்தேகாலுக்கு,
காலணிமேல் நீல உறை மாட்டிக்கொண்டு.

அதுவரை பாய்லருக்கு ஒரு குறையுமில்லை.
அடுக்களை அலமாரிக்குள்
உறங்கும் பூனையின் சத்தத்தோடு
ஒன்பது குளிர்காலம் எரிந்திருக்கிறது.
சும்மா கிடந்த சங்கு.

தேநீர் கலந்துகொண்டிருந்தேன்.
டக்கென்று ஒன்று கேட்டது,
விரல் சொடுக்கும் அளவுக்குத்தான்.
"என்னப்பா?"
"ஒன்றுமில்லை, மூடி கொஞ்சம் இறுக்கம்."
அவன் முதுகு மட்டும் ஒரு கணம் அசையவில்லை.
பிறகு இரண்டு சர்க்கரை கேட்டான்.

மஞ்சள் தாளில் பதினான்கு கட்டங்கள்.
பதினான்கிலும் டிக்.
ஒன்பதாவது: கசிவு, இல்லை.
கீழே கையெழுத்துப் போட்டவள் நான்.
அவன் போன பிறகு
ஜன்னல் விளிம்பில் ஒரு திருகாணி மிச்சமிருந்தது.

அன்றிரவு ட்ரியோர்க்கி முழுக்க உறைபனி.
பதினொன்று நாற்பதுக்குப் பாய்லரின் சின்னத் திரையில்
எண்கள் போய் ஓர் எழுத்து வந்தது.
அலமாரியைத் திறந்தேன்.
சொட்டு. எண்ணினால் ஏழு. மறுபடி சொட்டு.
இறைச்சி சுடும் தட்டை எடுத்துக் கீழே வைத்தேன்.

ரொட்டி ஆலையில் இரவு வேலை முடிந்து
ஐந்தரைக்கு வந்தான் எம்லின்,
புருவத்தில் மாவு.
குழாயைத் திருகினான், காத்திருந்தான்,
கையை உள்ளே நீட்டினான்.
திட்டத் தெரியாத மனிதன்.
அன்று தன் அம்மாவின் வெல்ஷில் திட்டினான்.
நாலு பாத்திரத்தில் வெந்நீர் போட்டு
தொட்டியில் குனியவைத்துத் தலை அலசினேன்.
மாவு பசையாகி விரலிடுக்கில் ஒட்டியது.
இருபத்திரண்டு வருடத்தில்
அவன் பிடரியை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"வரிசையில் நீங்கள் பதினோராவது" என்றது தொலைபேசி.
பிறகு இசை. பிறகு மீண்டும் பதினோராவது.
பிறகு ஒரு பெண்:
"பழைய இயந்திரம், மிசஸ் ப்ராஸர்.
தாளில் கசிவு இல்லை என்றிருக்கிறதே.
கையெழுத்தும் உங்களுடையதுதானே."

பள்ளி வாசலில் வட்டப் பலகையோடு நிற்பது என் தொழில்.
நான் கையைத் தூக்கினால்
கல் ஏற்றிய லாரிகூட நிற்கும்.
அந்தக் குரலை நிறுத்த
எந்தக் கையைத் தூக்குவதென்று தெரியவில்லை.

வியாழன் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார்.
"வயசாயிடுச்சு" என்றார், எதைப் பார்த்தென்று சொல்லாமல்.
அதற்குத் தொண்ணூற்றைந்து பவுண்டு பில்.

ஞாயிறு மதியம் கதவு தட்டும் சத்தம்.
கெதின். சீருடை இல்லை.
கக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி.
நீல உறைக்குப் பதில் காலணியையே கழற்றினான்,
காலுறையில் பெருவிரல் தெரிந்தது.
"அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது" என்றான்.
பிறகு தரையைப் பார்த்து:
"வீட்டுக்கு நாற்பது நிமிடம்தான்.
புதுப் பாகம் கேட்டால் ஏன் என்பார்கள்."

இரண்டு மணி நேரம் மண்டியிட்டு வேலை பார்த்தான்.
மிச்சத் திருகாணியை நான் நீட்டவில்லை,
அவனும் கேட்கவில்லை.
நீலமாய்ப் பற்றியது சுடர்.
காசு வேண்டாம் என்றான்.

நான் மஞ்சள் தாளையும் பேனாவையும் வைத்தேன்.
"ஒன்பதாவது."
"விடேன் எயர்வென், பையன் தானாய் வந்திருக்கிறான்"
என்றான் எம்லின், சூடான ரேடியேட்டரில் முதுகு சாய்த்து.
நான் விடவில்லை.
விட்டிருக்கலாமோ என்று இப்போதும் தெரியவில்லை.
கெதின் டிக்கை அடித்தான்.
'விரிசல். என் கையால்' என்று எழுதித்
தேதி போட்டான். தேதி அன்றைய தேதிதானா என்று
எம்லினிடம் கேட்டுக்கொண்டான்.

தாள் மேசை இழுப்பறையில் இருக்கிறது,
பில்லுக்கு வந்த இரண்டாம் நினைவூட்டலுக்கு அடியில்.
அனுப்பினால் தொண்ணூற்றைந்து பவுண்டு மிச்சம்.
அவனுக்கு என்ன மிச்சமாகும் என்று
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

தட்டை இன்னும் அலமாரியிலிருந்து எடுக்கவில்லை.
காய்ந்துதான் கிடக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை இறைச்சியை
வேறொன்றில் சுடுகிறேன். அது கொஞ்சம் சின்னது,
ஓரத்தில் நெய் வழிகிறது.